வெடிக்கத் தெரியாத குண்டு

எங்கள் பட்டறைக்கு அந்த வேலை வந்தபோது அது குண்டு என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ராஜபாளையத்தில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற நடுத்தரமான பட்டறை அது. லேத் ஓடும், வெல்டிங் நடக்கும், பக்கத்துத் தெரு ஃபவுண்டரியிலிருந்து வார்ப்புகள் வந்து இறங்கும். நான் அங்கே தரம் பார்க்கிறவள். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். செய்து முடித்த சாமானை அளந்து பார்த்து, போகலாம் அல்லது போகக்கூடாது என்று சொல்வதுதான் என் வேலை. அதனால் பட்டறையில் என்னைக் கண்டால் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வந்த வரைபடத்தில் ‘உடற்பகுதி’ என்று மட்டும் போட்டிருந்தது. ஒரு முனை மழுங்கிய மூக்கு மாதிரி இருக்கும். மறுமுனை வாலாக ஒடுங்கி, அதில் நான்கு தகடுகள் நிற்கும். வாலின் நடுவில் விரல் நுழைகிற மாதிரி ஆழமான ஓர் ஓட்டை. உள்ளே சிமெண்டும் மணலும் கலந்து நிரப்ப வேண்டும். மேலே நீலப் பெயிண்ட். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம்.

இது என்னவாக இருக்கும் என்று பட்டறை முழுக்க ஒரே பேச்சு. கடலில் மிதவை கட்டுகிற நங்கூரம் என்றார் ஒருவர். பெயிண்ட் அடிக்கிற அக்கா, ஏதோ பூங்காவில் வைக்கப்போகிற மீன் பொம்மை என்று உறுதியாக நம்பினார். மீனுக்கு எதற்கு இத்தனை நுணுக்கமான அளவு என்பது எனக்குப் புரியவில்லை. முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனிதர், ரகசியம் காக்கத் தெரியாதவர். கொஞ்ச நாள் தாங்கினார். பிறகு ஒரு நாள் லேத் சத்தத்துக்கு நடுவில் குனிந்து சொன்னார்.

“குண்டும்மா. ஏரோப்ளேன்ல இருந்து போடுறது. ஆனா வெடிக்காது.”

“வெடிக்காத குண்டை எதுக்கு முதலாளி போடணும்?”

“பழகுறதுக்கு. நிஜக் குண்டு எப்படி விழுமோ அதே மாதிரி இதுவும் விழணும். அம்புட்டுதான். உள்ள மருந்தே கிடையாது. அந்த ஓட்டையில மட்டும் விழுந்த இடம் தெரியுறதுக்குப் புகை வர்ற மாதிரி என்னமோ சொருகுவாங்களாம். அது வேற எங்கயோ செய்வாங்க, நம்ம கிட்ட இருந்து ஓட்டை காலியாத்தான் போகும்.”

அன்றிலிருந்து அந்த நீலச் சாமானை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பல்சக்கரம் சரியில்லை என்றால் ஆலையில் மெஷின் சத்தம் போடும். இது சரியில்லை என்றால் என்ன ஆகும்? பழகுகிற பையன் சரியாகக் குறி பார்த்துப் போட்டிருப்பான், குண்டு வேறெங்கோ போய் விழும். தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அந்த முகம் தெரியாத பையன் மேல் ஒரு கவலை வந்துவிட்டது.

முதல் தொகுதியிலேயே கவலை உண்மையானது. கடைசிச் சோதனை எடை நடுப்புள்ளி. ஒரு முக்கோண இரும்பு விளிம்பின் மேல் குண்டைக் கிடத்தினால், குறித்த கோட்டில் அது தராசு மாதிரி நிற்க வேண்டும். பெயிண்டும் தகடும்கூட எடைதானே, அதனால் எல்லாம் முடிந்து எழுத்தும் எழுதிய பிறகுதான் இந்தச் சோதனை. கிடத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் வால் பக்கம் சாய்ந்தது. சிமெண்டுக் கலவை ஈரமாக இருக்கும்போதே மணல் வாலில் போய் இறங்கியிருக்கிறது. நான் போகக்கூடாது என்றேன்.

“இது கீழ விழப்போற சாமான். கொஞ்சம் சாஞ்சு விழுந்தா என்னம்மா?” என்றார் எங்கள் வெல்டர் அண்ணன். தகடுகளை ஒட்டியவர் அவர்.

“சாஞ்சு விழாதுண்ணே. குட்டிக்கரணம் போடும்.”

பிறகு மூக்குப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிறுத்தி, கலவையைக் கெட்டியாகப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தட்டித் தட்டி நிரப்பினோம். அடுத்த தொகுதி விளிம்பின் மேல் அசையாமல் நின்றது. தள்ளுபடியானவற்றை கேஸ் கட்டரால் வெட்டிப் பழைய இரும்போடு போட்டோம். ஒன்றை மட்டும் முதலாளி வெட்ட வேண்டாம் என்றார். என்ன தப்பு நடந்தது என்று காட்டுவதற்கு ஒரு மாதிரி இருக்கட்டும் என்று பின்சுவர் ஓரமாக நிறுத்திவைத்தார். மாதக்கணக்கில் அது அங்கேயே நின்றது. பழைய இரும்பு எடுக்க வந்த லாரிக்காரர்கள் ஒரு தடவை மற்றதோடு சேர்த்து அதையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது இல்லாததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றில் பெருமாளைப் பார்க்க விடிகாலையிலிருந்தே கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்களிலெல்லாம் நிற்க இடமில்லை. பட்டறையில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெயிண்ட் அக்கா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏட்டி, இதைப் பாரு.”

மலையடிவாரத்தில் வெடிகுண்டு, யாரும் கோயிலுக்கு வராதீர்கள் என்று செய்தி. கீழே ஒரு படம். தார்ப்பாய்ப் பந்தல் போட்ட பொரிகடலைக் கடை. பந்தல் கயிற்றின் நுனி ஒரு நீல இரும்பில் கட்டியிருந்தது. நான்கு வால் தகடுகள். அதில் ஒன்று லேசாகக் கோணல். அந்தக் கோணலைக் குறித்து வெல்டர் அண்ணனும் நானும் அரை நாள் சண்டை போட்டிருக்கிறோம்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “தேவுடா,” என்றார். எழுந்து போய்ப் பின்சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். யாரையும் திட்டவில்லை.

“போன்ல சொன்னா எவனும் நம்ப மாட்டான். நேர்ல போயி சொல்லிருவோம். நீயும் வா, உனக்குத்தான் அதைப் பத்தி எல்லாம் தெரியும்.”

மலைக்குப் போகிற சாலையில் பாதியிலேயே காரை நிறுத்திவிட்டார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ் கயிறு கட்டியிருந்த இடம் வரைக்கும் நடந்தோம். தூரத்தில் அந்தக் கடை தனியாக நின்றது. தட்டுகளில் பொரி குவிந்தபடியே இருந்தது. வியாபாரம் பார்க்க ஓர் ஆள் இல்லை. குரங்குகள் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தன.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் கடைக்கார அக்கா நின்று ஒரு போலீஸ்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

“காத்தடிச்சா தார்ப்பாய் பறக்குது. கனமா ஒண்ணு குடுங்கன்னு பழைய இரும்புக் கடையில கேட்டேன், இதைக் குடுத்தாவ. போன சனிக்கெழமையும் இங்கனதான் கெடந்துச்சு. அன்னைக்கு வெடிக்காதது இன்னைக்கு எதுக்கு வெடிக்கப் போவுது? என் சரக்கைக் கொரங்கு திங்குது சார்!”

முதலாளி போலீஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விருதுநகரிலிருந்து வந்திருந்த வெடிகுண்டுப் பிரிவு அதிகாரியிடம் அழைத்துப் போனார். அவர் மரத்தடியில் நின்று கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிதானமான ஆள். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உள்ளே என்ன இருக்கு?”

“சிமெண்டும் மணலும் சார்.”

“மேல ‘அலெர்ட்’னு எழுதியிருக்கே?”

அந்தச் சொல்லை மனசுக்குள் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. மருந்து இல்லாதது என்று காட்டுவதற்காக ‘இனெர்ட்’ என்று ஆங்கிலத்தில் நானே அச்சுத் தகடு வைத்து எழுதியிருந்தேன். கயிறு உரசி முதல் எழுத்துகள் போய்விட்டன. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் கடைசி மூன்று எழுத்து ஒன்றுதான். மிச்சத்தைப் பார்த்தவர்கள் மனசிலிருக்கிற பயத்தை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“நீங்க சொல்றதை நான் நம்புறேன்மா. ஆனா நம்பிட்டு அது கிட்டப் போகக்கூடாதுங்கிறதுதான் என் வேலை. நான் சிவகாசிப் பட்டாசு ஆலையெல்லாம் பார்த்துட்டு வந்தவன். மருந்து இல்லைன்னு சொன்ன அறையில என்னென்னவோ இருந்திருக்கு. சரி, வால்ல ஒரு ஓட்டை இருக்கே, நீங்க அனுப்புனப்ப அது எப்படி இருந்தது?”

“காலியா இருந்தது சார்.”

“இப்ப காலியா இல்ல. ஏதோ வச்சு அடைச்சிருக்கு.”

அதுவரை என் குரலில் இருந்த உறுதி சட்டென்று காணாமல் போனது. அந்த இரும்பில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். எடை தெரியும், சுற்றளவு தெரியும், எந்த இடத்தில் வெல்டிங் பொறி தெறித்து ஒட்டியது என்று தெரியும். ஆனால் அது எங்கள் சுவரை விட்டுப் போன பிறகு எத்தனை கை மாறியது, யார் என்ன செய்தார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? அந்த ஓட்டையில்தான் புகை மருந்து வைப்பார்கள் என்று தெரிந்த யாராவது விளையாட்டாக எதையாவது திணித்திருந்தால்? முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

எங்களை வெகுதூரம் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். ஒரு வாய்க்கால் கரையில் ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விறைப்பான முதுகு, ஒட்ட வெட்டிய முடி. கடைக்கார அக்கா எங்கள் பின்னாலேயே வந்து அவரைக் கையை நீட்டிக் காட்டினார்.

“இவியதான் சத்தம் போட்டுக் கூட்டத்தைக் கலைச்சது.”

பெரியவர் மறுக்கவில்லை. மம்சாபுரத்துக்காரர், விமானப்படையில் தரைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பொரி வாங்க வந்தவர், கயிறு காலில் தட்டியதால் குனிந்து பார்த்திருக்கிறார்.

“அண்ணாச்சி, நீலப் பெயிண்ட் அடிச்சா பழகுற குண்டுன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் குற்றம் சொல்வது போல் ஆகிவிட்டதோ என்று தோன்றியது.

“தெரியும்த்தா. தெரிஞ்சதாலதான் கத்துனேன். குண்டு வெடிக்காது, ஆனா அந்த ஓட்டையில இருக்குற புகை மருந்து கையைக் கொண்டு போயிரும். கூட வேலை பார்த்தவன் ஒருத்தனுக்கு ரெண்டு வெரல் போச்சு, என் கண்ணு முன்னால. இங்க பிள்ளைகள் அது மேல ஏறி உக்காந்து வெளையாடுதுக. ஓட்டையைப் பார்த்தேன், அடைச்சிருந்துச்சு. பொறவு நான் யோசிக்கவே இல்ல.”

அவர் செய்தது சரி என்று எனக்கே பட்டது. கடைக்கார அக்காவும் அதற்குப் பிறகு அவரைக் காட்டிப் பேசவில்லை.

காத்திருப்பது பெரும் வேலையாக இருந்தது. தூரத்தில் கனத்த கவச உடை போட்ட ஒருவர் நடந்து போவதும் குனிவதும் திரும்புவதும் தெரிந்தது. இத்தனை நாள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வியெல்லாம் எனக்குள் முட்டிக்கொண்டு நின்றது. பெரியவரிடம் கேட்டுவிட்டேன்.

“அது விழுறதைப் பார்த்திருக்கீகளா?”

“எம்புட்டோ தடவை. வடக்கே ஒரு பொட்டல்ல சுண்ணாம்பால பெரிய வட்டம் போட்டிருக்கும். ரெண்டு பக்கம் உசரமான கோபுரம், அதுல ஆள் நிப்பான். விமானம் வரும். குண்டு கழண்டதும் ஒரு கருப்புப் புள்ளி. முதல்ல விமானத்துக்கு அடியிலயே கூடப் போகும், விட்டுப் பிரிய மனசில்லாத மாதிரி. பொறவு மூக்கு தாழ்ந்து இறங்கும். தரையைத் தொட்டதும் பொக்குன்னு வெள்ளைப் புகை. சத்தம் செத்த நேரம் கழிச்சுத்தான் நமக்கு வரும். ரெண்டு கோபுரத்துக்காரனும் புகை எந்தத் திசைன்னு சொல்லுவான். அதை வச்சு வட்டத்துல இருந்து எம்புட்டு தள்ளின்னு கணக்குப் போடுவாவ.”

“போட்டவருக்கு அது விழுறது தெரியுமா?”

“எங்க தெரியும்? போட்டதும் அவன் மேல ஏறிருவான். விமானம் லேசாகும், அதுதான் அவனுக்குத் தெரியும். ரேடியோவுல சொன்னாத்தான் எங்க விழுந்துச்சுன்னு தெரியும்.”

“குட்டிக்கரணம் போட்டு விழுந்தது உண்டா?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “உண்டு. அபூர்வமா. அது எங்க போகும்னு சாமிக்குத்தான் வெளிச்சம். நாங்க கோபுரத்தை விட்டு இறங்கி ஓடுவோம்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்தத் தொகுதியைத் தள்ளியபோது பட்டறையில் நடந்த வாக்குவாதம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் அதிகாரி எங்களைக் கூப்பிட்டுவிட்டார். எக்ஸ்ரே எடுத்த படம் ஒரு கணினித் திரையில் இருந்தது. உடம்புப் பகுதி முழுக்கக் கருப்பு, எதுவும் தெரியவில்லை. வால் பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“இதைப் பாருங்க. ஓட்டைக்குள்ள வரிசையா சின்னச் சின்ன அறை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தடுப்பு. அறைக்குள்ள ஏதோ இருக்கு. உங்க வரைபடத்துல இப்படி ஏதாவது உண்டா?”

“இல்ல சார்.”

“நானும் இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல,” என்றார். அவர் குரலில் பயத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

குண்டைக் கயிற்றால் மெல்ல இழுத்துப் பக்கத்து வெற்று நிலத்தில் மணல் மூட்டைகளுக்கு நடுவே கிடத்தினார்கள். தண்ணீரைத் தோட்டா வேகத்தில் அடிக்கிற கருவி ஒன்றை அதன் வாலுக்கு நேரே பொருத்தினார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். டமார் என்று ஒரு சத்தம். மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சாலையில் நின்ற கூட்டம் ஓவென்று அலறியது. குரங்குகள் கடையை விட்டு ஓடின. முதலாளி என் தோளைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தூசி அடங்கியது. கவச உடைக்காரர் போய்ப் பார்த்தார். குனிந்தபடியே நின்றார். அதிகாரியும் போனார். அவரும் குனிந்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கையை அசைத்து வரச் சொன்னார்.

வால் தனியாகப் பிய்ந்து கிடந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் எங்கள் சிமெண்டுத் தூள். அதிகாரியின் உள்ளங்கையில் ஈரமான செம்மண் கட்டிகள். அவற்றுக்கு நடுவே கால்களை மடக்கிக்கொண்டு சின்னச் சின்னச் சிலந்திகள்.

“குளவிக் கூடும்மா,” என்றார்.

மண் குளவி ஒன்று எங்கள் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அளவாக அறை பிரித்து, ஒவ்வோர் அறையிலும் முட்டையிட்டு, பிறக்கப்போகிற புழுவுக்குச் சாப்பாடாகச் சிலந்திகளைக் கொட்டி மயக்கி அடைத்து, மண்ணால் பூசி மூடியிருக்கிறது. ஒரு சிலந்தியின் கால் இன்னும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர்கள் எல்லாம் ஒரே கனம். பழக்கதோஷத்தில் அளந்து பார்க்கக் கை போனது.

பின்னாலேயே வந்த முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உட்கார்ந்துவிட்டார். கடைக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா என் பொரியைக் கொரங்குக்குப் போட்டேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். மத்தியானத்துக்குள் சாலையைத் திறந்துவிட்டார்கள். குண்டு வைத்த கடை என்று பார்ப்பதற்கே கூட்டம் கூடி, சாயங்காலம் அவர் கடையில் ஒரு பொரி மிச்சமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பந்தல் கயிற்றுக்கு முதலாளி எங்கள் பட்டறையிலிருந்து ஒரு பழைய உருளையைக் கொடுத்தனுப்பினார். அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டாராம்.

எங்களுக்கு அவ்வளவு லேசாக முடியவில்லை. ஸ்டேஷனில் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். முதலாளி எதையும் மறைக்கவில்லை. மாதிரிக்கென்று வெட்டாமல் வைத்தது தான்தான் என்றே எழுதிக்கொடுத்தார். எச்சரித்து அனுப்பினார்கள். வேலை கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பட்டறையைத் தலைகீழாகப் பார்த்தார்கள். சில வாரம் அந்த வேலை நின்றே போனது. நின்றுவிட்டால் பரவாயில்லை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. பிறகு நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கச் சொன்னார்கள். தள்ளுபடியானதை அன்றே என் கண் முன்னால் வெட்ட வேண்டும். எழுத்தைப் பெயிண்டில் எழுதினால் போதாது, இரும்பிலேயே பொறிக்க வேண்டும். ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போடலாமா என்று நான் கேட்டேன். அதற்கு என்ன காரணம் என்று வந்தவர் கேட்டார். குளவி என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, சரி என்றார்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள் அந்த மம்சாபுரத்துப் பெரியவர் பட்டறை வாசலுக்கு வந்து நின்றார். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க ராஜபாளையம் வந்தவர், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“செய்யுறதை ஒரு தடவை பார்க்கலாமாத்தா? விழுந்ததைப் பொறுக்குன காலம் பூரா இதை எவன் செய்யுறான், எங்க செய்யுறான்னு நெனைப்பேன்.”

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பதும் புது நிபந்தனைகளில் ஒன்று. எதிர் டீக்கடையில் உட்காரவைத்தேன். வெல்டர் அண்ணனும் வந்தார். அச்சு எப்படிக் கட்டுவது, கலவையை எப்படித் தட்டி நிரப்புவது, விளிம்பின் மேல் எப்படி நிறுத்துவது என்று டீ டம்ளரையும் பிஸ்கட்டையும் வைத்துக் காட்டினோம். அவர் ஒவ்வொன்றுக்கும் எதிர்க் கேள்வி கேட்டார். விழுந்த குண்டுகள் மண்ணில் எந்தச் சாய்வில் குத்தி நிற்கும், எந்த இடம் முதலில் நசுங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“தகடு பிஞ்சு வருமா அண்ணாச்சி?” என்று வெல்டர் அண்ணன் கேட்டார்.

“சிலது வரும். வந்தா தகட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒட்டுனவனைத் திட்டுவோம். தினம் ஒருத்தன் முறை.”

“என்னன்னு திட்டுவீக?” என்று நான் கேட்டேன்.

பெரியவர் டீயை உறிஞ்சினார். “அதெல்லாம் பொம்பளப்பிள்ள கிட்ட சொல்ல முடியாதுத்தா.”

வெல்டர் அண்ணன் அவரைக் கடைக்கு வெளியே வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்து ஏதோ பேசினார்கள். திடீரென்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். திரும்பி வந்தபோது கண்ணில் தண்ணீர். எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை.